தொடர்ந்து மூன்று நாள்

வந்தவனுக்குச் சாய்கோடு.
வராதவனுக்குச் சிவப்பு வட்டம்.
ஐந்தாம் வகுப்பில் பதினாறு பேர்.
பதினோராவது பெயர்
தர்வின் த/பெ முனீஸ்வரன்.
அந்த வரிசையில் மட்டும்
மரத்தடியில் உதிரிப்பழம் கிடப்பதுபோல்
கொத்துக் கொத்தாய்ச் சிவப்பு.

தொழிலாளர் இலாகா ஜீப்
தோட்டத்துக்கு வரும் நாள்
எப்படியோ எல்லாருக்கும் முதல்நாளே தெரிந்துவிடும்.
என் வகுப்பு நிறைந்திருப்பது
அன்றைக்குத்தான்.

கடிதத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திட்டார்.
தபால்காரர் ஏழாம் கட்டைக்கு மேல் போவதில்லை.
"நீங்களே கொடுத்துடுங்க டீச்சர்.
வாங்கினதுக்குக் கையெழுத்து முக்கியம்."

பீடோங் பட்டணத்தைத் தாண்டினால்
செம்பனை, செம்பனை, ஒரு பாலம்,
மறுபடி செம்பனை.
மோட்டார் இரண்டு முறை சேற்றில் நின்றது.
மூன்றாம் டிவிஷன் லயத்தில் கடைசி வீடு.
வாசலில் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி.
ஒரு ஜோடிக்குள் துணி திணித்திருந்தது,
கால் இன்னும் வளர வேண்டியிருப்பதால்.

உள்ளே முனீஸ்வரன் படுத்திருந்தான்.
போன வருஷம் குலை விழுந்த முதுகு.
குத்தகைக்காரன் அமுதவல்லி பெயருக்கு நேரே
நாளுக்கு இருநூற்று எண்பது கிலோ எழுதுகிறான்.
இரண்டு கை பொறுக்குகிற எடையில்லை அது.
என் பதிவேட்டில் பெயர் உண்டு, ஆளில்லை.
அவன் நோட்டில் ஆளுண்டு, பெயரில்லை.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க.
மலாய் எனக்கு வாயில வரும்,
கண்ணுல வராது."

வரி வரியாய்த் தமிழில் சொன்னேன்.
உங்கள் மகன் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை.
கட்டாயக் கல்வி. பெற்றோர் பொறுப்பு.
ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம்.

அவள் உதடு அசைந்தது.
"கிலோ இருபது காசு...
அப்ப எவ்ளோ பொறுக்கணும் டீச்சர்?"

நான் கணக்கு டீச்சர்.
பதில் சொல்லவில்லை.
"இப்படிக்கு" என்று சொல்லி
தாளை மடிக்கப் போனேன்.

"ஒரு வரிய விட்டுட்டீங்க."

கதவோரம் நின்றிருந்தான்.
கிட்டே வந்து விரலை வைத்தான்,
வைத்த இடத்தில் மஞ்சளாய் எண்ணெய்.
எழுத்துக் கூட்டாமல் வாசித்தான்.
வகுப்பில் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை.
பெஞ்சாரா.
ஆறு மாசம் வரைக்கும்.

அமுதவல்லி என்னைப் பார்க்கவில்லை.
அவனைப் பார்த்தாள்,
வீட்டில் யாரோ புதிதாய் வந்து நிற்பதுபோல.
பிறகு பேனாவைக் கேட்டாள்.
பெயரின் கடைசி எழுத்துக்குக்
கோட்டில் இடம் போதவில்லை.
கீழே இறக்கி எழுதினாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
அந்த வரியை ஏன் விட்டேன் என்று
பாலம் வரை யோசித்தேன்.
அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.
பாலத்துக்கு அப்புறம்
அதை நான் அவ்வளவாய் நம்பவில்லை.

திங்கள் அவன் வரவில்லை.
செவ்வாயும்.
புதன்கிழமை வந்தான்,
சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல்.
வியாழன், வெள்ளி இல்லை.
அடுத்த திங்கள் மணியடிக்கும் முன்பே
வாசலில் நின்றான்.
வட்டம், வட்டம், கோடு.
வட்டம், வட்டம், கோடு.

மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது.
கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது,
தொடர்ந்து மூன்று நாள்.
அனுப்பிய எங்களைவிடக் கவனமாய்
அதைப் படித்திருக்கிறான்.

தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.
சொன்னால் புதிதாய் ஒரு கடிதம் வரும்,
அதையும் நான்தான் கொண்டுபோக வேண்டும்,
அதையும் அவன் படிப்பான்.

இன்று ஓய்வு நேரத்தில்
எல்லாரும் கேண்டீனுக்கு ஓடிய பிறகு
கணக்குப் புத்தகத்தோடு மேசையருகே வந்தான்.
விட்டுப்போன பாடத்தைக் கேட்பான் என்று
பின்பக்கமாய்ப் புரட்டினேன்.

"அது முடிச்சிட்டேன் டீச்சர்.
நாளைக்கும் நாளான்னைக்கும்
எந்தப் பக்கம் நடத்துவீங்க?"